அழுத்தித் தேய்த்தவர்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று பலமுறை தயங்கிய பின்னரே இதனை வாசகர் முன் வைக்கிறேன். காட்சிகளை வருணித்து எழுதும் பயிற்சி எனக்கு இல்லாமையால், பேசியவர்களின் சொற்களை மட்டுமே வரிசையாகத் தந்திருக்கிறேன். இடம், ஒரு பல் மருத்துவரின் சிகிச்சை அறை. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் ஓர் இசைக்குழுவில் ட்ரம்பெட் ஊதுபவர். அருகில் நிற்பவர் அவருடைய மனைவி. மூன்றாமவர் மருத்துவர். எழுத்தில் குறை தென்பட்டால் அது முழுவதும் என்னுடையது. துணிந்ததற்காகப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

டாக்டர்: இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க, சார். பயப்படாதீங்க, நான் உள்ள விழுந்துட மாட்டேன்.

கணவர்: ஆ...

மனைவி: வீட்ல கொட்டாவி விடறப்ப இதவிடப் பெருசா திறப்பாரு, டாக்டர்.

கணவர்: ஆஆ...!

டாக்டர்: சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். மூக்கால மூச்சு விடுங்க. இங்க வலிக்குதா?

கணவர்: ம்ஹும்.

டாக்டர்: இங்க?

கணவர்: ஆ!

மனைவி: துள்ளுறாரு பாருங்க! என்கிட்ட இத்தன நாளா 'சும்மா கூசுது, சும்மா கூசுது'ன்னே...

டாக்டர்: இது கூச்சம் இல்லம்மா. கொப்பளிச்சுத் துப்புங்க, சார். ம்... எவ்வளவு நாளா ஆடுது?

கணவர்: ஆடலையே.

டாக்டர்: நான் விரல வெச்சா ஆடுது. நீங்க நாக்க வெச்சா மட்டும் ஆடாதா?

கணவர்: ...லேசா.

மனைவி: லேசாவா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீங்க!

கணவர்: சொன்னா வெள்ளிக்கிழமை போகக் கூடாதும்ப.

டாக்டர்: வெள்ளிக்கிழமை என்ன?

கணவர்: ஒண்ணுமில்ல டாக்டர், வேலைதான்.

மனைவி: ஒண்ணுமில்லையா? டாக்டர், இவரு அந்தக் குழுவுல சேந்த நாள்லேருந்து ரெண்டாவது நாற்காலி, துணைக்கு ஊதறவரு. முதல் நாற்காலிக்காரர் இப்பத்தான் ஓய்வு பெற்றுப் போனாரு. வெள்ளிக்கிழமை இவருக்கு முதல் நாற்காலி. ஆரம்பமே இவரு மட்டும் எழுந்து நின்னு தனியா ஊதணும். மத்தவங்க எல்லாம் வாத்தியத்த மடியில வெச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க...

கணவர்: போதும் போதும். டாக்டருக்கு எதுக்கு இந்தக் கதையெல்லாம்?

மனைவி: சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்? கோட்டு கூட புதுசா தைக்கக் குடுத்திருக்கு, டாக்டர்.

டாக்டர்: நல்ல விஷயம்தானே, சார்... ட்ரம்பெட்டோட ஊதுற முனை உதட்டுல எங்க அழுந்தும்? விரல வெச்சுக் காட்டுங்க.

கணவர்: இங்க. உதட்டுக்குப் பின்னால இந்த ரெண்டு பல்லுதான் தாங்கிக்கும். ஸ்வரம் மேல போகப் போக இன்னும் அழுத்தணும்.

டாக்டர்: இந்த ரெண்டு.

கணவர்: ஆமா.

டாக்டர்: ஆடற ரெண்டு.

கணவர்: ...ஆமா.

டாக்டர்: சரி. எக்ஸ்ரே எடுத்தாச்சு, வரட்டும். அதுக்குள்ள ஒண்ணு ரெண்டு கேக்கறேன். ஒரு நாளைக்கு எத்தன தடவ பல் தேய்ப்பீங்க?

கணவர்: எல்லாரையும் மாதிரிதான்.

மனைவி: பொய்!

டாக்டர்: நீங்க சொல்லுங்கம்மா.

மனைவி: எழுந்ததும் ஒரு தடவ. சாப்பிட்டதும் ஒரு தடவ. ஒத்திகைக்குக் கெளம்பறப்ப, வந்ததும், காப்பி குடிச்சா அதுக்கு ஒரு தடவ. படுக்கப் போறதுக்கு முன்னால கதவ சாத்திக்கிட்டு... அது ஒரு தனிக் கச்சேரி. சரக் சரக்குனு நிக்கவே நிக்காது. பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் கேட்டாங்க, 'உங்க வீட்ல தினமும் ராத்திரி பாத்ரூம் தரைய யாரு அவ்வளவு நல்லா தேய்க்கறாங்க? எங்க வீட்டுக்கும் அனுப்புங்களேன்'னு.

டாக்டர்: தரையா இருந்தா தாங்கியிருக்கும், சார். பிரஷ் எப்படி? கெட்டியானதா, மெத்துனு இருக்கறதா?

கணவர்: கெட்டிதான். மெத்துனு இருக்கறது தேய்க்கற மாதிரியே இல்ல, டாக்டர். தடவிக் குடுக்கற மாதிரி இருக்கு.

டாக்டர்: பல்லுக்கு வேண்டியது அதுதான். தடவிக் குடுக்கறது. பிரஷ் கையில இருக்கா?

மனைவி: இல்லாம இருக்குமா? சட்டைப் பையில பேனா இருக்கோ இல்லையோ, அது இருக்கும். எடுங்க, காட்டுங்க.

கணவர்: இந்தாங்க.

டாக்டர்: டப்பாவுக்குள்ளயா? ...அட, ஈரமே காயலையே. கெளம்பறப்ப தேய்ச்சீங்களா?

கணவர்: பல் டாக்டரப் பாக்க வர்றப்ப தேய்க்காம வர முடியுமா?

டாக்டர்: ஈரத்தோட அடைச்சு வெச்சா உள்ள கிருமிதான் குடித்தனம் நடத்தும். நல்லா அலசி, ஒரு உதறு உதறி, நிமிர்த்தி வெச்சுக் காத்தாட விட்டுடணும். டப்பா எல்லாம் பயணத்துக்கு மட்டும். இந்த இழையப் பாருங்க... காத்துல சாஞ்ச பயிர் மாதிரி நாலா பக்கமும் படுத்துக் கெடக்கு. எப்ப வாங்கினது?

கணவர்: போன வாரம்.

டாக்டர்: போன வாரமா! மூணு மாசம் உழைக்க வேண்டியது, சார்.

மனைவி: என் பிரஷ் பக்கத்துல இவரோடத வெக்கவே மாட்டாரு.

டாக்டர்: ஒண்ணோட ஒண்ணு படாம வெக்கிறது நல்லதுதானேம்மா.

மனைவி: படாமன்னா... வேற அறையில, டாக்டர்.

டாக்டர்: வேற அறையிலயா? வீட்ல எத்தன பேர்?

மனைவி: நாங்க ரெண்டு பேர்தான்.

டாக்டர்: ம்... எப்படிப் பிடிப்பீங்க? பிடிச்சுக் காட்டுங்க. ...முஷ்டிய மடக்கியா! சார், இது சண்டைக்குப் போற பிடி. பேனா பிடிக்கற மாதிரி விரல் நுனியால பிடிங்க. ஈறுலேருந்து பல்லு முனைக்கு மெதுவா இறக்கணும். குறுக்க ரம்பம் போடக் கூடாது.

கணவர்: ட்ரம்பெட்ட நான் விரல் நுனியாலதான் பிடிக்கறேன்.

மனைவி: அதுக்கு இருக்கற மரியாத பல்லுக்கு இல்ல.

டாக்டர்: பேஸ்டா, பொடியா?

கணவர்: ரெண்டும். முதல்ல பொடி.

மனைவி: முதல்ல எலுமிச்சம்பழம்.

டாக்டர்: என்னது?

மனைவி: மூடியப் பிழிஞ்சு கொப்பளிச்சுட்டு, தோல வெச்சு ஒரு தேய். அப்புறம் பொடி. அப்புறம் பேஸ்ட். நான் எலுமிச்சம்பழம் வாங்கி வெச்சா சமையலுக்கு ஒண்ணு மிஞ்சாது.

கணவர்: புளிப்பு பட்டதும் தேய்ச்சா பளிச்சுனு இருக்கும், டாக்டர்.

டாக்டர்: கடவுளே... சார், புளிப்பு பட்டா பல்லோட மேல்பூச்சு கொஞ்ச நேரம் இளகி நிக்கும். தண்ணியால கொப்பளிச்சுட்டு அரை மணி நேரமாவது சும்மா விடணும். நீங்க அது இளகி நிக்கறப்பப் பாத்து, பொடியும் கெட்டி பிரஷும் போட்டு இழைச்சிருக்கீங்க.

கணவர்: சொத்தை ஒண்ணு கூட இல்லையே?

டாக்டர்: இல்ல. இவ்வளவு சுத்தமான வாய நான் பாத்ததில்ல. துளி நாத்தம் இல்ல.

கணவர்: ...நெஜமாவா?

டாக்டர்: எது?

கணவர்: நாத்தம் இல்லைங்கறது.

டாக்டர்: உங்க மூஞ்சிக்கு நேரா உக்காந்துருக்கேன், சார். முகமூடியக் கூட இறக்கி விட்டுட்டுத்தான் பேசிட்டிருக்கேன். ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?

கணவர்: யாரும் ஒண்ணும் சொல்லல. பழக்கம்.

டாக்டர்: பழக்கம்னா இப்படியா? இந்தக் கண்ணாடியப் பிடிங்க. ஈறு எங்க இருக்கணும், எங்க ஏறிப் போயிருக்கு, தெரியுதா? அந்த எடத்துல... மரத்த சாய்க்கறதுக்கு முன்னால அடியில ஒரு வெட்டு போட்டு வெப்பாங்களே, அந்த மாதிரி. எல்லாரும் தேய்க்காம கெடுத்துட்டு வந்து உக்காருவாங்க. நீங்க தேய்ச்சே கெடுத்திருக்கீங்க.

கணவர்: அடைச்சுடலாம்ல? ஏதோ வெச்சுப் பூசுவீங்களே... வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கினா போதும்.

டாக்டர்: படம் வந்துடுச்சான்னு பாத்துட்டு வந்து சொல்றேன். அப்படியே சாஞ்சிருங்க.

மனைவி: என்ன, சுவத்தையே பாக்கறீங்க?

கணவர்: அந்தப் படத்துல இருக்கறவன் என்னமா சிரிக்கறான் பாரு.

மனைவி: அவனுக்கென்ன, சிரிப்பான். அவனுக்கு வெள்ளிக்கிழமையா, ஒண்ணா?

கணவர்: ம்.

மனைவி: நாத்தம் இல்லைன்னு அவங்க சொன்னதும் ஏன் உங்க மூஞ்சி அப்படி ஆச்சு?

கணவர்: எப்படி ஆச்சு?

மனைவி: பரீட்சை பாஸ் ஆன பையன் மாதிரி. அழப் போறீங்களோன்னு நினைச்சேன்.

கணவர்: மருந்து நெடி. கண்ணுல தண்ணி.

மனைவி: குழுவுல உங்களுக்குக் 'கைக்குட்டை'ன்னு பட்டப்பேர் வெச்சிருக்காங்களே... வாய மூடிக்கிட்டே பேசறதால. அதுவும் இதுக்குத்தானா? நான் ஏதோ பெரிய மனுஷத் தோரணைன்னு நினைச்சேன்.

கணவர்: விடு.

மனைவி: விட மாட்டேன். யாரு சொன்னது உங்ககிட்ட?

கணவர்: யாரும் இல்லைங்கறேன்ல.

மனைவி: அந்த ட்ரம்ஸ்காரரா? அவருக்குத்தான் வாய் நீளம். நான் போய்க் கேக்கறேன்...

கணவர்: நீதான்.

மனைவி: என்ன நான்தான்?

கணவர்: நீதான் சொன்ன.

மனைவி: நானா! எப்ப?

கணவர்: முதல்ல இருந்தோமே மாடி வீடு, ஞாபகம் இருக்கா?

மனைவி: படியேறினா முழங்கால் மூக்குல இடிக்குமே, அதுதானே?

கணவர்: அதேதான். கல்யாணம் ஆன புதுசு. வெளியூர் நிகழ்ச்சிகளுக்குன்னு ரெண்டு மாசம் கெளம்பிப் போனேன்ல... கெளம்பற அன்னைக்குக் காலையில. நீ அடுப்பு முன்னால நின்னுட்டிருந்த. போயிட்டு வரேன்னு சொல்ல, பின்னால வந்து...

மனைவி: வந்து?

கணவர்: என்ன வந்து? கட்டிக்கிட்டேன். நீ உதறி விட்டுட்ட. மூக்கப் பொத்திக்கிட்டு, 'தள்ளிப் போங்க, நாத்தம் தாங்க முடியல'ன்ன. சொல்லிட்டு ஓடிப் போய் பாத்ரூம் கதவ சாத்திக்கிட்ட. நான் கதவுக்கு வெளிய பெட்டியோட நின்னேன். ரயிலுக்கு நேரமாயிடுச்சு... போயிட்டேன்.

மனைவி: அன்னைக்கா...

கணவர்: மறந்திருப்ப. அதுல ஒண்ணும் தப்பில்ல. ஸ்டேஷன் கடையில, 'இருக்கறதுலயே கெட்டியான பிரஷ் குடு'ன்னேன். கடைக்காரன், 'எதக் கழுவறதுக்கு சார்?'ன்னான்.

மனைவி: சிரிக்க வைக்காதீங்க.

கணவர்: நான் சிரிக்கலையே.

மனைவி: ...திரும்பி வந்தாவது என்கிட்டக் கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்த.

கணவர்: என்னன்னு கேக்க? 'இப்ப நாறுதா'ன்னா? கேக்கறதுக்கு வாயத் திறக்கணுமே.

மனைவி: அதனாலதானா... நீங்க ஊர்லேருந்து வந்தப்புறம் என் முகத்தப் பாத்துப் பேசவே இல்ல. ஜன்னலப் பாத்துப் பேசினீங்க. சாப்பாட்டுத் தட்டப் பாத்துப் பேசினீங்க. படுத்தா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க.

கணவர்: உன் பக்கம் திரும்பினா மூச்சு உன் மேல படும்ல.

மனைவி: நான் வேற நினைச்சேன்.

கணவர்: என்ன நினைச்ச?

மனைவி: போன எடத்துல மனசு மாறிப் போச்சுன்னு. என்னப் பிடிக்காம போச்சுன்னு.

கணவர்: பைத்தியமா உனக்கு?

மனைவி: நீங்க வர்ற அன்னைக்கு வாசல்லயே நின்னுட்டிருந்தேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு... நீங்க பெட்டிய வெச்சுட்டு, என்னத் தாண்டி நேரா உள்ள போய் கதவ சாத்திக்கிட்டீங்க.

கணவர்: ரயில்ல வந்த வாய். தேய்ச்சுட்டு வந்து பேசலாம்னு...

மனைவி: இப்பத்தானே தெரியுது.

கணவர்: என்ன சொல்லணும்னு நின்ன?

மனைவி: ...டாக்டர் வராங்க.

டாக்டர்: சார், இந்தப் படத்தப் பாருங்க. வெளிச்சத்துல பிடிக்கறேன். இந்தக் கறுப்புக் கோடு தெரியுதா? வெட்டு விழுந்த எடத்துலேருந்து எலும்புக்குள்ள வரைக்கும் விரிசல் போயிருக்கு. ரெண்டு பல்லுலயும். தேய்ச்சுத் தேய்ச்சு இளைச்ச எடத்துலயே இத்தன வருஷமா வாத்தியத்தோட அழுத்தமும் விழுந்திருக்கு.

கணவர்: அடைச்சா...?

டாக்டர்: விரிசல் இவ்வளவு ஆழத்துக்குப் போனப்புறம் அடைச்சுப் பிரயோசனம் இல்ல. எடுக்கணும்.

மனைவி: ரெண்டையுமா?

டாக்டர்: ரெண்டையும்தாம்மா.

கணவர்: சரி டாக்டர். வெள்ளிக்கிழமை ஊதிட்டு, சனிக்கிழமை காலையில உங்க கதவத் திறக்கறதுக்கு முன்னால வந்து நிக்கறேன். எடுத்துடுங்க.

டாக்டர்: மேடையில ஒடஞ்சா?

கணவர்: ஒடையாது. அந்த முதல் பகுதி சின்னதுதான். மெதுவாத்தான் ஆரம்பிக்கும், அழுத்தவே வேண்டாம்...

மனைவி: கடைசியில மேல ஏறுமே. வீடே அதிரற மாதிரி ஊதுவீங்களே.

கணவர்: நீ சும்மா இரு.

டாக்டர்: சார், ஒடஞ்சா பல்லு மட்டும் வராது, எலும்பையும் பேத்துக்கிட்டு வரும். அப்புறம் அந்த எடத்துல வேற பல்லு ஊணறதே கஷ்டம். இப்ப பக்குவமா எடுத்தா எலும்பு மிஞ்சும். ஆறினப்புறம் புதுசு வெச்சுக் குடுக்கலாம்.

கணவர்: அத வெச்சு ஊதலாமா?

டாக்டர்: சாப்பிடலாம். சிரிக்கலாம். ஊத... முயற்சி பண்ணலாம். அதே சத்தம் வரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. மாசக்கணக்கா ஆகும்.

கணவர்: முதல் நாற்காலிய மாசக்கணக்காக் காலியா வெச்சிருக்க மாட்டாங்க, டாக்டர்.

டாக்டர்: தெரியுது. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இருக்கறதச் சொல்லாம இருக்க முடியல.

மனைவி: என்னங்க...

கணவர்: நீ சொல்லு. என்ன செய்யட்டும்?

மனைவி: இதுலயும் என் வார்த்தையா? வேண்டாங்க. நான் சொல்ல மாட்டேன்.

கணவர்: ஒரு வார்த்தைய நீ தெரியாம சொன்ன, நான் பிடிச்சுக்கிட்டேன். இன்னொண்ண தெரிஞ்சே சொல்லு.

மனைவி: ...எடுக்கச் சொல்லுங்க.

கணவர்: ம். எடுத்துடுங்க, டாக்டர்.

டாக்டர்: நல்ல முடிவு, சார். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனா நல்ல முடிவு.

கணவர்: எங்க குழுத் தலைவருக்கு போன் போட்டுச் சொல்லிடு. பக்கத்து நாற்காலிக்காரன் ஊதட்டும். அவனுக்கு என் பகுதி முழுக்கத் தெரியும். நான் ஒத்திகையில ஊதறப்பல்லாம் அவன் விரல் தொடை மேல தானா ஆடும்.

மனைவி: நீங்களும் இத்தன வருஷம் அப்படித்தானே ஆட்டினீங்க.

கணவர்: ஆமா. அதான் சொல்றேன்.

மனைவி: கோட்டு?

கணவர்: கோட்டுப் போட பல்லு வேண்டாம். கீழ உக்காந்து கேப்போம். நீயும் வா.

டாக்டர்: ஊசி போடறேன், கொஞ்சம் சுருக்குனு இருக்கும், சார். கைய தளர்த்தி விடுங்க... அவ்வளவுதான். இன்னொண்ணு... முடிஞ்சது. மேலுதடு கொஞ்ச நேரத்துல மரத்துடும். உதட்டக் கடிச்சுக்காதீங்க, பேசாம சாஞ்சிருங்க. நான் கருவியெல்லாம் எடுத்துக்கிட்டு வரேன். நீங்க கூட இருங்கம்மா, பரவால்ல.

கணவர்: ஏய்... அழாத.

மனைவி: பேசக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தானே போனாங்க.

கணவர்: உதடு மரத்துப் போறதுக்குள்ள இத மட்டும் சொல்லிடறேன். நீ அன்னைக்குச் சொன்னதுல தப்பே இல்ல. நெஜமாவே நாறியிருக்கும். முந்தின ராத்திரி ஊதிட்டு வந்து, பச்ச வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு சாப்பிட்டு, வாய் கூடக் கழுவாம படுத்துட்டேன். நீ உள்ளதச் சொன்ன. மூளையில்லாம தேய்ச்சது நான். நீ இத மனசுல வெச்சுக்கிட்டு ராவெல்லாம் உக்காந்திருக்கக் கூடாது. என்ன போச்சு இப்ப? ரெண்டு பல்லு. ஒரு வாத்தியம். அதுக்கு மேல... ஒண்ணும்... போகல. சரியா?

மனைவி: சரியில்லைங்க. பேசாதீங்க... உதடு மரத்துட்டு வருது உங்களுக்கு. தலைய மட்டும் இந்தப் பக்கம் திருப்புங்க. என்னப் பாருங்க. அன்னைக்கு உங்க வாய் நாறல. சோறு கொதிச்சது நாறுச்சு. சோப்பு நாறுச்சு. தலைக்கு வெச்ச எண்ணெ நாறுச்சு. தண்ணி கூட நாறுச்சு எனக்கு. நாள் தள்ளிப் போயிருந்துச்சுங்க. எனக்கே நிச்சயமாத் தெரியல, தெரிஞ்சப்புறம் நேர்லயே சொல்லலாம்னு இருந்தேன். நீங்க வர்றதுக்கு ஒரு வாரம் முன்னால அதுவா கலைஞ்சு போச்சு. அதச் சொல்லத்தான் வாசல்ல நின்னேன். நீங்க உள்ள போய் சாத்திக்கிட்டீங்க, தேய்க்கிற சத்தம் கேட்டுச்சு. நான் போய் சாப்பாடு எடுத்து வெச்சேன். அதுக்கப்புறம் எனக்குச் சொல்ல வாய் வரல. இப்ப நீங்க கணக்கத் தப்பாப் போட்டுட்டு நிம்மதியா இருக்கப் பாக்கறீங்க, அதான் சொல்றேன். போனது பல்லு ரெண்டு. வாத்தியம் ஒண்ணு. நாம முகம் பாத்துப் பேசாத வருஷம் அத்தனையும். புள்ள ஒண்ணு.